மட்டும்

செவிலியர் சகாயமேரி
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி கேட்கிறார்:
"தாய்ப்பால் மட்டும்தானே?"

அந்த 'மட்டும்' எனக்குள் இறங்கக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறந்த அன்றே நாத்தனார் சேனை வைத்துவிட்டாள்,
விரல் நுனியில் சர்க்கரைத் தண்ணீர்,
தன் குணம் வரட்டும் என்று.
வந்திருக்கிறது. பசித்தால் தெருவைக் கூட்டுகிறான்.

தையல் போட்ட வயிற்றோடு நான் கிடந்த மூன்று நாளும்
ஒரு டப்பா மாவு அவனுக்கு அம்மாவாக இருந்தது.
நான்காம் நாள் மார்பு கல்லாயிற்று.
பக்கத்துக் கட்டில் பெண், பெயர் கேட்க மறந்துவிட்டேன்,
வெந்நீர்த் துணி ஒற்றி, அவன் தலையைத் திருப்பி,
"வாயை நல்லா தொறக்கட்டும், காம்பை மட்டும் குடுக்காதே" என்றாள்.

பிறகு கத்திரி வெயில். முதுநகரில் தகரக் கூரை.
வந்தவர் போனவரெல்லாம்
"தொண்டை வறளுமே, ஒரு பாலாடை தண்ணி."

எழுபதாம் நாள் வேலைக்குப் போனேன்.
ஒப்பந்தக் கூலிக்குப் பேறுகால விடுப்பு என்றால்
வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.
இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் விரல் மரத்துப்போகும்.
பதினோரு மணிக்கு மார்பு மட்டும் சுடும்.
யார் பிள்ளையோ ரோட்டில் அழுதாலும்
என் ஜாக்கெட் நனையும்.
கழிவறையில் சுவரைப் பார்த்துப் பீய்ச்சினேன்.
இறால் கழுவிய தண்ணீரோடு சேர்ந்து
உப்பனாற்றுக்குப் போயிற்று அவன் சாப்பாடு.

அஞ்சலாட்சிதான் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
என் கூடையிலிருந்து நாலு கை இறாலைத்
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
"போ. இருபது நிமிஷம்."
சூப்பர்வைசர் எடையைத்தான் பார்ப்பார்,
யார் விரல் உரித்தது என்று அல்ல.

அதே நாத்தனார்தான், சேனை வைத்தவள்,
பிள்ளையை மார்போடு துணியில் கட்டிச் சைக்கிளில் கேட்டுக்கு வருவாள்.
வாட்ச்மேன் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு
வேம்புக்கு அந்தப் பக்கம் போய் பீடி பற்றவைப்பார்.
என் கையெல்லாம் இறால் நாற்றம்.
அவனுக்கு அதுதான் அம்மா வாசனையோ என்னவோ.

ஒரு ராத்திரி, நூற்றுப் பத்தாவது நாள் இருக்கும்,
கரன்ட் இல்லை. மார்பு துணி மாதிரி தொங்கியது. அவன் அலறினான்.
வெந்நீரை ஆற்றி இரண்டு பாலாடை கொடுத்தேன்.
அடுத்த நாள் இல்லை. அதற்கப்புறமும் இல்லை.

சொல்லிவிட்டேன்.

சகாயமேரி மூடியை வாயிலிருந்து எடுத்தார்.
கட்டத்தில் ஆம், இல்லை, இரண்டே இடம்.
எதிலும் டிக் அடிக்கவில்லை.
"இன்னைக்குக் காலையிலேருந்து?"
"பால் மட்டும்."

வெளியே, ஸ்டாண்டு உடைந்த சைக்கிளை
இடுப்பில் சாய்த்துப் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தாள் நாத்தனார்.