ஏழாம் நம்பர் படகு

ஐந்தரை விசிலுக்கு முன்பே
மணப்பாட்டில் காக்கைகள் எழுந்துவிடுகின்றன.
குழாயடியில் பன்னிரண்டு பேர், மூன்று வாளி.
கொடியில் நேற்றைய சட்டைகள்
உப்பேறி அப்பளமாய் விறைத்து நிற்கின்றன.
உதறினால் மணல், முகர்ந்தால் மீன்.
அதையேதான் போட்டுக்கொள்கிறோம்.

என் லைஃப் ஜாக்கெட்
போன வருஷத்து யாரோ ஒருவனுடையது.
உள்பக்கம் பேனாவால்
‘ஜெயித்தே தீருவேன்’ என்று எழுதி
பிறகு அவனே அடித்திருக்கிறான்.

கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீர்.
பாயை ஏற்றினால்
கையில் பிடித்த கோழி மாதிரி படபடக்கிறது.
சுக்கான் கம்பை வலப்பக்கம் தள்ளினால்
படகு இடப்பக்கம் போகும்.
இதை உடம்புக்குப் புரியவைக்க நான்கு நாள் ஆயிற்று,
கடையநல்லூரில் சைக்கிள் மட்டுமே ஓட்டிய உடம்பு.

மெர்சிட்டா உவரிக்காரி.
அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று
கோச் முதல் நாளே அவளை முன்னால் விட்டார்.
அவள்தான் முதலில் கவிழ்ந்தாள்.

கவிழ்வதற்கென்றே ஒரு வகுப்பு உண்டு, புதன்கிழமை.
வேண்டுமென்றே சாய்த்து வேண்டுமென்றே விழ வேண்டும்.
தலைகீழான படகுக்கு அடியில்
ஒரு சாண் காற்று இருக்கும், பயப்படாதே என்றார்கள்.
இருந்தது.
பச்சை வெளிச்சம்.
சுவரெல்லாம் தண்ணீர்ச் சத்தம்.
இந்த முகாமில் விசில் எட்டாத ஒரே அறை.
எதிரே மெர்சிட்டாவின் மூக்கும் கண்ணும் மட்டும்.
“ஏட்டி, ஒண்ணு சொல்லட்டா?
எங்க அப்பா போட்டுல நான் ஏறுனதே இல்ல.
பொட்டப்புள்ள ஏறுனா மீன் படாதாம்.”
படகின் முதுகை யாரோ தட்டினார்கள்,
உள்ளே எத்தனை பேர் என்று.
இரண்டு தட்டு திருப்பித் தட்டினோம்.
பிறகும் கொஞ்ச நேரம் இருந்தோம்.

பதினொரு மணிக்குப் படகுகளைக் குளிப்பாட்ட வேண்டும்.
லாரியில் வரும் நல்ல தண்ணீர் அவற்றுக்கு.
எங்களுக்குப் போர் தண்ணீர், சோப்பு நுரைக்காது.
சமையல் செல்லக்கனி அக்கா
சொதி ஊற்றும்போது இன்று யார் கவிழ்ந்தது என்பாள்,
கவிழ்ந்தவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதல்.
பாபநாசத்து இசக்கிராஜா
தினமும் கவிழ்கிறான்.

கரும்பலகையில் காற்று:
இருநூற்று நாற்பது டிகிரி, ஒன்பது நாட்.
‘கச்சான்னு எழுதுனா போதாதா’
என்று முனகிக்கொண்டே
நோட்டில் டிகிரியை எழுதிக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து
ஆளுக்குப் பத்து நிமிடம் போன் தருவார்கள்.
“தண்ணிக்குள்ள விழலல்லா?” என்றாள் என் அம்மா.
இல்லை என்றேன்.
மெர்சிட்டாவின் அப்பா
சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை,
தூங்கினாயா என்று கேட்கவில்லை.
“அங்க காத்து எப்படிட்டி?”
அவள் கொடியில் ஆடும் சட்டைகளைப் பார்த்தாள்.
“கச்சான்தான். மத்தியானத்துக்கு மேல கூடும்.”
“ம்” என்றார்.
அவ்வளவுதான்.
போனைத் திருப்பிக் கொடுத்த பிறகும்
எதையோ சிந்தாமல் கொண்டுபோகிறவள் மாதிரி
மெதுவாக நடந்தாள்.

நாளை எங்களுக்கு வாளி முறை.
ஏழாம் நம்பரில் ஒரு கயிறு அவிழ்ந்து கிடக்கிறது,
இருட்டுவதற்குள் கட்ட வேண்டும்.
அந்த முடிச்சு எனக்கு இன்னும் வரவில்லை.
அவளுக்கும்தான்.