ஒன்பதாயிரம்

ரூம்லாங். பின்னிரவு இரண்டு பத்து.
விமானங்களுக்கு ஊரடங்கு; எங்களுக்கு இல்லை.
வாடிக்கையாளர் தந்தது இரண்டு மணி நேரம்,
அதில் பத்து நிமிடம்
கதவுக்கு உள்ளங்கை காட்டுவதில் போனது.

குளிர்வரிசையில் நின்று தட்டச்சு செய்கிறேன்.
உர்ஸ் அனல் பக்கம் முதுகைக் கொடுத்து
கேபிள்களின் பெயர்ச்சீட்டை வாசிக்கிறான்.
காண்டீபன் என்ற என் பெயரை
எட்டு வருடமாக அவன் உடைத்துத்தான் அனுப்புகிறான்.
காண்டி மட்டும் வந்து சேரும்.
மிச்சம் எங்கே விழுகிறதென்று
நானும் தேடியதில்லை.

வேலை எளிது. சொல்லப்போனால் ஒரே எண்.
ஆயிரத்தைந்நூறு பைட்டாக
நறுக்கி நறுக்கி அனுப்பியதை
இனி ஒன்பதாயிரமாக அனுப்ப வேண்டும்.
ரயில் சுரங்கத்தின் சுவரை
இரவுதோறும் படமெடுக்கும் நிறுவனம்.
நகக்கீறல் வெடிப்பையும் விடாமல்
மலையின் வயிற்றை அள்ளி வந்து
எங்கள் ஸ்டோரேஜில் கொட்டுகிறார்கள்.
அண்டா இருக்கும்போது
கரண்டியால் ஏன் மொள்ளுவானேன்.

சர்வரில் மாற்றினேன். ஸ்டோரேஜில் மாற்றினேன்.
ஸ்விட்ச்சுகளில் போன வியாழனே மாற்றியாயிற்று;
'முடிந்தது' என்று குறிப்பும் இருக்கிறது.
பிங் போனது, வந்தது.
கோப்புறை திறந்தது, பெயர்களெல்லாம் வரிசையாய் நின்றன.
உர்ஸ் கட்டைவிரலை உயர்த்தினான்.
ஒரு படத்தைத் திறந்தேன்.

திறக்கவில்லை.
பிழை என்றும் சொல்லவில்லை.
நலமா என்றால் நலம் என்கிறது,
என்ன நடந்தது என்றால் மௌனம்.
சில வீடுகளில் தொலைபேசி இப்படித்தான்.

நடுவில் எவனோ
அளவைப் பார்த்ததும்
வாங்கிக் கீழே போடுகிறான்.
பெரிதாக இருக்கிறது, குறைத்துக் கொண்டு வா என்று
ஒரு வரி எழுதினாலாவது தெரியும்.
அந்த மரியாதை ரவுட்டருக்கு உண்டு,
ஸ்விட்ச்சுக்கு இல்லை.

உடைக்காதே என்று கட்டளையிட்டு
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு அனுப்பினேன்,
மீதி இருபத்தெட்டு உறைக்கும் விலாசத்துக்கும்.
விழுங்கியது.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு.
சிரித்துக்கொண்டே வந்தது.

மூன்று ஐந்து.
இரண்டாம் ஸ்விட்ச், நாற்பத்தேழாவது போர்ட்.
அதன் கணக்கேட்டில்
'இராட்சதர்கள்' என்றொரு வரி உண்டு.
அளவு மீறி வந்து மாண்ட பிரேம்களை
அந்தப் பெயரில்தான் எண்ணுகிறது இயந்திரம்.
நாலாயிரத்துப் பதினோரு இராட்சதர்கள்.
ஓர் அலறல் இல்லை, தேர் இல்லை, வில் இல்லை.
எந்த அவதாரமும் எடுக்காமல்
ஒரு சின்னப் பச்சை விளக்கு
கண்சிமிட்டியபடி கொன்றிருக்கிறது.

வியாழன் மாலை
நாற்பத்தாறு வரை வந்திருந்தேன்.
மகள் நீச்சல் குளத்து வாசலில்
ஈரத்தலையோடு நிற்கிறாள் என்று அழைப்பு.
எழுந்து போனேன்.
மறுநாள் வந்து எழுதினேன்: முடிந்தது.

ஒரு வரி மாற்றம். மூன்று இருபதுக்குப் படம் திறந்தது.
கருங்கல், ஈரம், சுண்ணாம்பு வடிந்த தடம்,
எவரோ ஒரு தொழிலாளி சாக்பீஸால்
எங்கோ காட்டிப் போட்ட அம்புக்குறி.

அறிக்கை எழுதுவது உர்ஸின் பொறுப்பு.
எழுதியிருந்தான். நேரம், ஸ்விட்ச், போர்ட், சரிசெய்த விதம்.
'காரணம்' என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாய் விட்டு
லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.
யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்பது
பதிவேட்டில் இருக்கும். பார்த்திருப்பான்.
காபி எடுத்து வருகிறேன் என்று போனான்,
அந்த இயந்திரம் மாதக்கணக்காய்ப் பழுது என்று தெரிந்தும்.

நான்தான் என்று எழுத
எத்தனை பைட் ஆகிவிடும்.
எந்தக் கம்பியிலும் நுழையும்.
இரண்டு முறை
கையே வாங்கிக் கீழே போட்டது.
மூன்றாவது முறை போனது.

நாலு பத்து. பத்து நிமிடம் தாமதம்.
மலையில் அறுபத்தொரு சதவீதம் நகலாகியிருக்கிறது.
உர்ஸ் வெறுங்கையோடு வந்தான்.
திரையை வாசித்தான், மூடினான்.
நாற்பத்தெட்டையும் ஒரு தடவை
பார்த்துவிடு காண்டி, என்றான்.