அரைநிரப்பு

காலை ஒன்பது. இருட்டுக்குக் குறைவில்லை.
ஸ்வால்பார்டில் பிப்ரவரி விடியல் என்பது
தெற்கு மலைமுகட்டில் ஒரு நீலக் கோடு,
அவ்வளவுதான்.

வகுப்பில் ஆறு பேர்.
பனியாற்றை அளக்க வந்த ஸ்லோவாக்கியப் பையன் ராடோவான்,
ஓட்டல் சமையற்கட்டிலிருந்து தாய்லாந்துக்காரி சிரிலக்,
கல்யாணமாகி மூன்றே வாரமான ஒரு ஜோடி,
வாய் திறக்காத ஓர் எலெக்ட்ரீஷியன்,
மழலையர் பள்ளி உதவியாள் நான், வயது ஐம்பத்திரண்டு.

சொல்லித்தர வந்த எல்ட்பியோர்க்
என் மகளைவிட இரண்டு வயது சின்னவள்.
சாக்லேட் தாளைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:
"முதல் வேலை, கரடியைப் பார்க்காமலிருப்பது.
பார்த்துவிட்டால் வந்த வழியே போவது.
பின்னாலேயே வந்தால் வாணம் விடுவது.
இது கடைசி."
துப்பாக்கியை ஒரு விரலால் தட்டினாள்.

பழைய ஜெர்மன் துப்பாக்கி,
யாருடைய போருக்கோ செய்தது.
இரும்பில் ஏதோ முத்திரையைச் சுரண்டி எடுத்த தழும்பு.
"கழுகா?" என்றான் ராடோவான்.
"கரடி அதையெல்லாம் பார்ப்பதில்லை."

அரைநிரப்பு என்றால்
அறை காலி, கூட்டில் நான்கு.
திற, தள்ளு, பூட்டு.
கையுறையோடு செய். கழற்றிவிட்டுச் செய்.
கண்ணை மூடிக்கொண்டு செய்.
வெறும் குதிரையை அழுத்தும்போது எழுந்த சத்தம்
யாரோ பல்லைக் கடிப்பதுபோல்
என் தாடைக்குள் கேட்டது.

வெளியே மைனஸ் பதினெட்டு.
முதல் குண்டு தோளில் அறைந்தது.
இரண்டாவது எங்கே போனதென்று மலைக்குத்தான் தெரியும்.
என் வலது கைக்கும் இடது கண்ணுக்கும் ஒத்துப்போகவில்லையாம்.
இத்தனை வருஷம் ஒரே உடம்பில் குடியிருந்துவிட்டு
இன்றைக்கு வந்து சண்டை.
எல்ட்பியோர்க் என் மூக்குக்கண்ணாடியின் இடது சில்லில்
ஒரு துண்டு டேப் ஒட்டினாள்.
அதன்பிறகு உலகம் பாதி, குறி முழுசு.

சிரிலக் நான்கையும் ஒரு கையகலத்துக்குள் போட்டாள்.
"எப்படி?" என்றேன்.
"அப்பா ராணுவம்," என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, "பொய். எனக்கே தெரியல."

கடைசிப் பயிற்சிக்கு ஒட்டுப்பலகைக் கரடி.
சறுக்குவண்டியில் நிறுத்தி, கப்பியில் கயிறு போட்டு
எங்களை நோக்கி இழுத்தார்கள்.
மண்டியிட வேண்டும். நாற்பது மீட்டரில் சுட வேண்டும்.

வந்தது.
உடம்பெல்லாம் பழைய ஓட்டைகளை மூடிய வெள்ளைத் தாள்,
ஒட்டுப்போட்ட சட்டையோடு யாரோ ஓடி வருவதுபோல்.
ஒரு காது உடைந்திருந்தது.
நாற்பது.
முப்பது.
இருபதில் சுட்டேன்.

"ஏன் காத்திருந்தீர்கள்?"
"திரும்பிப் போய்விடுமென்று நினைத்தேன்."
"பலகை திரும்பாது."
பிறகு, தன் பூட்ஸைப் பார்த்தபடி,
"நிஜமானது பெரும்பாலும் திரும்பிவிடும்."
அந்தப் 'பெரும்பாலும்' பற்றி
நாங்கள் யாரும் கேட்கவில்லை.

என் ஓட்டையை நானே போய் ஒட்டினேன்,
நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே.
பசை உறைந்து பிடிக்க மறுத்தது.
உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல், கொஞ்சம் அதிக நேரம்.

சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்.
திருத்தச் சொல்லவில்லை.
பால் வாங்கப் போன கடையின் கதவில்
துப்பாக்கிப் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு.
வீட்டில் பால் மூடியைத் திருகும்போது
கை தன்பாட்டுக்கு
திற, தள்ளு, பூட்டு.

திங்கட்கிழமை,
கரடி படம் போட்ட எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி
ஒரே கயிற்றில் வளையம் வளையமாகப் பிடித்துக்கொண்டு
குழந்தைகள் நடக்கிறார்கள்.
எண்ணுகிறேன்: பதினொன்று.
கூட்டைத் தொட்டுப் பார்க்கிறேன்: நான்கு.
எந்தக் கணக்கிலும் சேராத எண்கள்.

ஒற்றைக் கையுறையைத் தொலைத்துவிட்ட இல்வா
என் தோளைக் காட்டிக் கேட்கிறாள்:
"அதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்கிறேன்.

அறை காலிதான்.