ஃப்ளாஷ் இல்லாமல்

புகை மெஷினுக்குக் கவ்வாத்துக் குழு
ஒருநாளும் வாடகை கட்டியதில்லை.
பண்டாரவளை மண்டபத்தில்
மேற்கு ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும்,
ஆறரைக்கு மூடுபனி
டிக்கட் எடுக்காமல் உள்ளே வரும்.
மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில்
எனக்கு ஒன்றரை அடி.
குந்தியிருப்பேன். லென்ஸ் வியர்க்கும்.
சட்டை நுனியால் துடைப்பதற்குள்
ஒரு பாட்டு முடிந்திருக்கும்.

பெயர்தான் கொஞ்சம் சிக்கல்.
நோட்டீஸ் அடிக்கப் போனபோது அச்சகக்காரர் கேட்டார்:
"கவ்வாத்தா? சம்பளப் போராட்டமா?"
"ராக் மியூசிக்" என்றான் மதுரைவீரன்.
"அப்படியென்றால் முன்பணம்."

பாடுவது வீரன்.
கிட்டார் சமில, பேஸ் எட்வின்ராஜ்,
பதுளையிலிருந்து கடைசி பஸ்ஸின் கூரையில்
டிரம்ஸை ஏற்றி வரும் ஜுனைத்.
நான் ஐந்தாவது ஆள் என்று யாரும் சொன்னதில்லை.
வேனில் இடம் மட்டும் பிடித்து வைப்பார்கள்,
ஆம்ப்ளிஃபயருக்கும் கதவுக்கும் இடையில்.

பதினொரு வருடம்.
ஃப்ளாஷ் போடாதே என்பது சமிலவின் ஒரே நிபந்தனை,
கண் கூசினால் விரல் பிசகும்.
அதனால் இருட்டோடு பழகினேன்.
ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம்,
எந்த மூச்சில் கை ஆடாது,
எந்த அடிக்கு முன்னால் ஜுனைத்தின் முழங்கை
அந்தரத்தில் ஒரு கணம் நிற்கும்
எல்லாம் காது சொல்லும். வலது காது.
இடதை நுவரெலியா வசந்த விழாவில்
ஒரு ஸ்பீக்கர் பெட்டி தின்றுவிட்டது.

பத்திரிகையில் ஒரு தடவை வந்தது, அரைப் பக்கம்:
வீரனின் தலை பின்னால் சரிந்து,
கழுத்து நரம்பு மைக் வயர் மாதிரிப் புடைத்து.
கீழே, 'படம்: நமது நிருபர்'.
நமது நிருபர் அன்று கம்பளையில்
பாலத் திறப்பு விழாவில் இருந்தார்.

பகலில் ஹட்டன். பஸ் நிலையத்துக்கு எதிரே
மாடியில் ஸ்டூடியோ. சாமத்திய வீடு, கல்யாணம், அடையாள அட்டை.
அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தேன்.
ஆல்பம் வாங்க வந்த ஓர் அம்மா
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இந்தத் தம்பிக்கு என்ன வருத்தம்?"
அரைப் பக்கக் கட்டுரையில் அந்தக் கேள்வி இல்லை.

போன ஒக்டோபர், மழை, வீரன் படியேறி வந்தான்.
கவ்வாத்து முடிந்த மலைபோலத் தலை.
"பாஸ்போர்ட் படம். கட்டார். ஹோட்டல் லாண்டரி."
நீலத் திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டேன்.
எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னேன்:
இரண்டு காதும் தெரிய வேண்டும். சிரிக்கக் கூடாது.
வாயை மூடு.
சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு.

ஃப்ளாஷ் அடித்தது. கண்ணை மூடிவிட்டான்.
மறுபடி. மூடினான்.
ஏழு தடவை.
"என்ன மலர், இடி விழுற மாதிரி" என்று சிரித்தான்.
இந்த வெளிச்சத்தை அவன்மேல் நான்
ஒருமுறைகூடப் போட்டதில்லை.
இன்னொன்றும் உறைத்தது.
பெட்டியில் பதினாலாயிரம் படம் கிடக்கிறது அவனுடையது,
ஒன்றிலும் கண் திறந்திருக்காது.
அலறும்போது மூடுவான். நான் அலறலை மட்டும் எடுத்தேன்.
அவன் கண் பழுப்பா கறுப்பா என்று
யாராவது கேட்டிருந்தால்
பொய்தான் சொல்லியிருப்பேன்.

ஃப்ளாஷைக் கழற்றினேன்.
திரையையும் ஸ்டூலையும் ஜன்னல் பக்கம் இழுத்தேன்.
கீழே மஸ்கெலியா பஸ் ஹாரன் அடிக்க
அவன் விரல் முழங்காலில் அதற்குத் தாளம் போட்டது.
மூச்சைப் பிடித்தேன்.

பழுப்பு. இடது கண் கொஞ்சம் சின்னது.

காசு வேண்டாம் என்றேன்.
எண்ணூறு ரூபாயை மேசையில் வைத்துவிட்டு
நனைந்துகொண்டே இறங்கிப் போனான்.
கவ்வாத்திடமிருந்து எனக்கு வந்த முதல் சம்பளம்.
ரசீதுப் புத்தகத்தில் பெயர், திகதி, தொகை எழுதினேன்.
விபரம் என்ற கட்டத்தில்
பாஸ்போர்ட் என்று எழுத வேண்டியது,
கை கச்சேரி என்று எழுதியிருந்தது.
வெட்டவில்லை.