முக்கால் அங்குலம்

பிளவுஸ் அளக்கிற நாடா கழுத்தில் கிடக்க
அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.
உரும்பிராய்ச் சந்தி தாண்டி
றெஜினோல்டின் ரயர் கடை.

கேதாரன் முதலே முடிவு கட்டியிருந்தார்:
திரும்பவும் ஏழரை பதினாறு.
"பெரிசாப் போட்டால் பாரம் தாங்கும்,
லொறியும் கொஞ்சம் உயர்ந்து நிக்கும்."
உயர்ந்து நிற்பதில் அவருக்கு எப்போதும் ஆசை.
கலியாணப் படத்துக்கு
சப்பாத்துக்குள் அட்டை மடித்து வைத்தவர்.

எங்கள் கன்ரருக்குப் பின்னால் நாலு சில்லு,
பக்கத்துக்கு இரண்டு.
வெளிச்சில்லை ஊர் பார்க்கும்.
உள்சில்லை ஆரும் பார்ப்பதில்லை,
நாய்கூட வெளிச்சில்லில்தான் காலைத் தூக்கும்.

போன மாசம், மாங்குளத்துக்கு இங்காலை,
இரவு ஒன்றரைக்கு வெடித்தது உள்சில்லு.
தம்புள்ளைக்குப் போன வெங்காயம், அறுபது மூட்டை.
"வெடிச்சிட்டுது" என்றார் போனில்.
அதற்குப் பிறகு தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.
விடியும்வரை வெளிச்சில்லு
இரண்டு ஆளின் சுமையோடு தனியே நின்றது.
சந்தை விலை காத்திருக்கவில்லை.
லீசிங்காரரும்தான்.

வெடித்ததை முற்றத்தில் போட்டிருந்தார்.
சும்மா தடவிப் பார்த்தேன்.
வெளிச்சில்லைப் பார்த்திருந்த பக்கம்
இஸ்திரி போட்டதுபோல் மினுங்கியது.
துணி எங்கே கிழிந்தது, எங்கே தேய்ந்தது என்று
கையே சொல்லிவிடும் எனக்கு.
இது தேய்ந்தது.

"மூட்டையை இறக்காமல் கொண்டு வாங்கோ" என்றேன்.
றெஜினோல்ட் கதவைத் திறந்து
நிலையில் ஒட்டிய தாளைக் காட்டினார்:
ஏழு பதினாறு.
பத்து வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறோம்.

இடப்பக்கச் சோடி இன்னும் பழைய ஏழரைதான்.
மேலே இரண்டு விரல் லேசாகப் போனது.
குனிந்து, நிலத்துக்குக் கிட்ட,
சுமைக்கு வயிறு பிதுங்கும் இடத்தில்
ஒரு நகம் போகவில்லை.
கேதாரனும் வைத்துப் பார்த்தார்.
எடுத்த விரலைச் சாரத்தில் துடைத்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேணும், தொடக்கூடாது.
வாழ்த்துப்பா எழுதுகிறவர் ஆரும் கடையில் இல்லை, நல்ல காலம்.
இருந்திருந்தால் இதைப் பிடித்துக்கொண்டு
எங்கேயோ போயிருப்பார்.
எனக்கு வேண்டியது ரயர்.

காசு இரண்டு புதுசுக்குத்தான் இருந்தது.
மற்றப் பக்கத்துக்குப் பழசு.
றெஜினோல்ட் குவியலில் இருந்து இரண்டை உருட்டினார்.
"ரெண்டும் ஏழுதான் அக்கா,
ஆனால் தேய்மானம் ஒண்டில்லை.
உயரத்திலை கால் அங்குலம் மிஞ்சினால்
உயர்ந்தது எல்லாத்தையும் சுமக்கும்,
கட்டை சும்மா இழுபடும்,
ரெண்டும் நாசம்."

உயரத்தில் கால் என்றால் சுற்றில் முக்கால்.
இடுப்பளவு எடுக்கிறவளுக்கு இது ஒரு கணக்கா?
என் நாடா அறுபது அங்குலம்.
அறுபதில் சோக்குக் கோடு போட்டு
அங்கிருந்து மறுபடி பிடித்தேன்.
முதலாவது தொண்ணூற்றாறு.
இரண்டாவது தொண்ணூற்று நாலரை.
"இது சோடி இல்லை."

வெயில் தகரத்தில் ஏறிவிட்டது.
குவியலில் ஒவ்வொன்றாக அளந்தேன்.
ஒன்பதாவதோ பத்தாவதோ,
தொண்ணூற்றைந்தரை.
"இது பொருந்தும்" என்றபோது
கேதாரன் முதல் முறையாக என்னிடம் கேட்டார்:
"இன்னொருக்கால் அளந்து பாப்பமோ?"
அளந்தோம்.
நுனியை அவர் பிடித்தார்.

லொறி பழைய உயரத்துக்கு இறங்கியது.
இரவு மாங்குளத்தில் இருந்து போன்.
"கீழையும் ரெண்டு விரல் போகுது."
"கல்லேதும் இடையிலை சிக்கியிருக்கோ?"
"பாத்தனான், இல்லை."

மறுநாள் கோண்டாவில் சறோஜினி
சாமத்தியவீட்டு பிளவுஸுக்கு வந்தாள்.
இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தேன்.
முப்பத்தாறில் ஒரு கறுத்த பெருவிரல் அடையாளம்,
சவுக்காரத்துக்கும் போகாதது.
"இதென்ன அக்கா கறுப்பு?"
"லொறியின்ரை இடுப்பு" என்றேன்.
"மூச்சை இழுக்காதை, நேரா நில்."