கொக்கி வேலை

விளம்பர ஏடு சொல்கிறது:
ஸ்வித்தவா என்னும் இந்த எழுத்துரு
ரோமானியக் கல்வெட்டுகளின் நிழலில் பிறந்தது.
வடிவமைப்பு: பேராசிரியர் அலொயிஸ் துர்னோவெட்ஸ்கி.
படத்தில் அவர் கையில் ஒரு பளிங்குத் துண்டு.

ஹ்யினெக் ஏட்டை மூடிவிட்டுப்
பெட்டியைத் திறக்கிறான்.
புர்னோ நகரில் மூடிப்போன ஓர் அச்செழுத்து வார்ப்பாலையின்
நிலவறையிலிருந்து வந்த பெட்டி.
ஈரத்தின் வாடை. எலி கடித்த ஓரங்கள்.
தாள்களைக் கணினிக்குள் ஏற்றுவது அவன் வேலை.
எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.

A முதல் Z வரை பேராசிரியரின் கை.
உறுதியான கை, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.
கடைசிக் கட்டில் மட்டும் வேறு பென்சில்.
அதில் எழுத்துகளே இல்லை,
எழுத்துகளின் தலைமேல் உட்காரும் உருப்படிகள் மட்டும்:
சாய்கோடு, வளையம், கொக்கி,
கொக்கி, கொக்கி,
பதினேழு தாளுக்குக் கொக்கி.

செக் மொழிக்கு அது இல்லாமல் தீராது.
r-இன் மேல் அமர்ந்தால்
ரகரமும் ஷகரமும் ஒரே மூச்சில் உரசும் ஓர் ஒலி.
அயலார் நாக்கு அங்கே இடறும்,
நம் ழகரத்தில் இடறுகிற மாதிரியே.
ஒரு காலத்தில் அதுவும் வெறும் புள்ளியாகத்தான் இருந்ததாம்.
புள்ளி வைத்தால்தான் மெய் என்கிற நமக்கு
இதில் வியக்க ஒன்றுமில்லை.
ஓலை கிழியுமென்று அந்தப் புள்ளியை
விட்டுவிட்டு எழுதியவர்களும் நாம்தான்.

தாள்களின் மூலையில் முன்னெழுத்து இரண்டு:
ஓர் ஓ, கொக்கி போட்ட ஒரு ரெ.
சம்பளப் பதிவேட்டில் கிடைக்கிறாள்.
ஓட்டிலியெ ரெஸாச்சோவா,
துணை வரைவாளர், 1951 முதல் 1979 வரை.
இருபத்தெட்டு வருஷமும் அங்கே
அவள் பெயரில் கொக்கி இல்லை.
கணக்கரின் தட்டச்சு ஜெர்மன்காரன் விட்டுப்போனது,
அந்த விசை அதில் கிடையாது.
நானும் அவளைக் கொக்கியில்லாமல்தான் எழுதியிருக்கிறேன்.
தமிழில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் போட்ட கொக்கியின் இரு கையும் சமமில்லை.
இடக்கை குட்டை, தடிமன்.
வலக்கை நீளம், நுனியில் சிறு பிசிறு.
உளிபட்ட கல் இப்படித்தான் பிளக்கும் என்று
ஏட்டில் ஒரு பத்தியே இருக்கிறது.

பதினோராம் தாளின் பின்புறம்
பசை காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது ஒரு டிராம் சீட்டு.
புர்னோக்காரர்கள் டிராமை ஷாலினா என்பார்கள்,
பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல.
நான்காம் எண் ஷாலினா.
நடத்துநரின் துளைக்கருவி ஒருபக்கம் மழுங்கிப்போய்
சீட்டின் மேல்விளிம்பில் கடித்த கடி:
இடப்பக்கம் குட்டை.
வலப்பக்கம் நீளம். நுனியில் பிசிறு.
அருகே பென்சிலில்,
'இதேதான். இன்னும் கொஞ்சம் மெல்லிசாக.'

அந்த டிராம் ரோமாபுரிக்குப் போவதில்லை.

மென்பொருள் கேட்கிறது: இருபக்கமும் சமமாக்கவா?
வேண்டாம்.
வடிவமைத்தவர் யார்?
கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
ஒப்பந்தப்படி முன்பே நிரப்பியாயிற்று,
சாம்பல் நிறத்தில், மாற்ற முடியாதபடி.

மாதிரிச் சொல் என்று இன்னொரு கட்டம்.
அது காலி.
எழுத்துரு வாங்க வருகிற எவரும் முதலில் பார்க்கிற சொல்.
இரண்டு கொக்கி, இரண்டு சாய்கோடு
ஒரே சொல்லில் இருந்தால் சோதிக்க வசதி.
ஹ்யினெக் அடிக்கிறான்:

Řezáčová

z-க்கும் á-வுக்கும் நடுவே இடைவெளி சற்றுக் கூடுதல்.
அதைக் குறைக்கிறான். மறுபடி கொஞ்சம் கூட்டுகிறான்.
மணி ஒன்றேகால்.
கடைசி ஷாலினா போய்விட்டது.