மூன்று மா களர்

பாகம் பிரித்த அன்று
சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:
"ஆளுக்கு மூணு மா. ஒரு குழி கூடக் கூடக்குறைய இல்ல."
உண்மைதான்.
சங்கிலி நீளத்தை மட்டும் அளக்கும்.

வாய்க்கால் தலைப்பு அண்ணன் கலியபெருமாளுக்கு.
வெண்ணாற்றுத் தண்ணீர் களைத்துப்போய்
கடைசியில் எட்டிப் பார்க்கும் மூலை எனக்கு.
பங்குனியில் மாவு சிந்தியதுபோல் வெள்ளை,
நடுநடுவே எண்ணெய் கொட்டியதுபோல் கறுப்பு.
மழை பெய்தால் நிற்கும்,
எட்டு நாள், பத்து நாள்,
டீ நிறத்தில், தெளியாமல்.
ஒரு சாண் கீழே மண் காய்ந்தே கிடக்கும்.
பிறகு வெயில் அதை ஓட்டுச்சில்லாய் உடைக்கும்.
மண்வெட்டி போட்டால் ணங்.

திருவாரூர் ஆஸ்பத்திரியில்
டயாலிசிஸ் பிரிவில் பதினாறு வருடம் இருக்கிறேன்.
உள்ளே நீர் தேங்கியும் தாகம் தீராத உடம்புகளைத்
தினமும் பார்க்கிறவள்.
அதனால் சண்டைக்குப் போகவில்லை.
பத்து இடத்தில் வெட்டி, வாளியில் கலந்து,
நாலாய்ப் பகுத்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி,
மிஞ்சிய அரை கிலோவைத் துணிப்பையில் கட்டிச்
சீட்டு எழுதினேன்:
கோ. வேதவள்ளி. மூணு மா.
முன்பயிர்: ஒன்றுமில்லை.

ஆய்வுக்கூடத்து மார்ட்டின்
மண் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார்.
ரோஜா நிறம் விரிந்தது.
"அழகா இருக்கே" என்றேன்.
"இது வரக் கூடாதும்மா."
ஒன்பது புள்ளி நான்கு என்று எழுதினார்.

உவர் வேறு, களர் வேறாம்.
உவரின் உப்பு நல்ல தண்ணீர் பாய்ச்சினால் கரைந்துபோகும்.
களரில் சோடியம் களிமண்ணைப் பிடித்துத் தொங்கும்.

சோடியம்.
என் வார்டில் ரத்த அறிக்கையின் வரி அது.
இங்கே அதற்கு வேறு உத்தியோகம்:
களித்துகள் எதையும் எதோடும் சேரவிடாது.
சேர்ந்து நின்றால் இடையில் சந்து இருக்கும்,
காற்று நுழையும், வேர் நுழையும்.
பிரிந்தவை கலங்கி மிதந்து
இருக்கிற சந்தையும் அடைத்துக்கொண்டு படுக்கும்.
துத்தநாகம் மண்ணிலேயே இருக்கும், பயிர் கைக்கு எட்டாது;
நட்ட மூன்றாம் வாரம் இலையில் துருப் படியும்.
ஒரு காலத்தில் துணி வெளுக்க
இப்படிப்பட்ட மண்ணை அள்ளிப் போவார்களாம்.
விரலில் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கியது.
என் பங்கில் சோப்பு விளைகிறது.

"ஜிப்சம் நாற்பது மூட்டை போடுங்க.
கால்சியத்துக்கு ரெண்டு கை.
சோடியத்தை இறக்கிவிட்டுட்டு அது உக்காந்துக்கும்.
இறங்கினதை வெளியேத்தணும்.
வடிகால் இருக்குல்ல?"

இருந்தது.
அண்ணனின் தென்வரப்பை ஒட்டி.
அதைத் தூர்த்து
நாலு வரிசை நெல் கூடுதலாக நட்டிருந்தார்.
கேட்டேன்.
"அதான் அளந்தாச்சுல்ல" என்றார்.

மார்ட்டினிடம் அந்தச் சொட்டு மருந்து
கொஞ்சம் வாங்கி வந்தேன்.
அண்ணன் பார்க்கும்போதே
அவர் தென்வரப்பு ஓரம் ஒரு பிடி அள்ளிக்
குடிதண்ணீர் பாட்டிலில் கரைத்து, தெளியக் காத்தேன்.
தெளியவில்லை.
அப்படியே ஒரு சொட்டு.
"என்னடி இது நெறம்?"
"உன் பங்குண்ணே."

நாலு நாள் பேச்சில்லை.
ஐந்தாம் நாள் வடிகால் வெட்டியிருந்தது,
முழங்கால் ஆழம், கோணலாக.

மூட்டைகளைப் பிரித்து இறைத்தேன்.
நாலு விரற்கடை தண்ணீர் கட்டி, வடித்து,
மறுபடி கட்டி, மறுபடி வடித்து.
உடம்புக்கு நாலு மணி நேரம்.
நிலத்துக்கு ஆடி முழுக்க.
பிறகு தக்கைப்பூண்டு,
பூக்கும்போதே மடக்கி உழுதது.

இரண்டாவது சீட்டு நேற்று வந்தது:
எட்டு புள்ளி எட்டு.
இன்னும் களர்தான்.

ஆனால் ராத்திரி பெய்த மழை விடிவதற்குள் பாதி இறங்கியிருந்தது.
மீதித் தண்ணீரில் என் கால் விரல்கள் தெரிந்தன.
ஒரு நண்டு வளை தோண்டியிருக்கிறது,
அண்ணன் வரப்பைப் பார்த்து.